டெல்டாவில் ஒரு கிளை நூலகம்: பிள்ளையின் படிப்புக்கு அது எந்த அளவு உதவும்?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் வழியில், காவிரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் இயங்கும் அரசுக் கிளை நூலகத்தைப் பற்றிய மதிப்புரை இது. ஊரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கட்டடத்துக்கோ அங்குப் பணிபுரியும் நூலகருக்கோ மட்டும் உரியவை அல்ல. டெல்டாவின் எந்தப் பேரூராட்சியில் போய்ப் பார்த்தாலும் இவற்றில் பாதியேனும் கண்ணில் படும். என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பும், மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பும் படிக்கிறார்கள். இருவரையும் அழைத்துக்கொண்டு ஓராண்டுக்கும் மேலாக இந்த நூலகத்துக்குச் சென்றுவருகிறோம். போட்டித் தேர்வு எழுதும் இளைஞருக்கோ நாளிதழ் படிக்க வரும் முதியவருக்கோ இந்த இடம் எப்படி என்பதை நான் அளக்கவில்லை. பள்ளி செல்லும் பிள்ளையின் கற்றலுக்குத் துணைநிற்க நினைக்கும் தாய் தகப்பனுக்கு இது எந்த அளவு பயன்படும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முடிவை முன்பே சொல்லிவிடலாம். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்து அழைத்துச்செல்லும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இந்த நூலகம் பெரிதாக ஒன்றும் தராது. கூடவே போய், பக்கத்தில் உட்கார்ந்து, தானும் எதையாவது படிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு, எங்கள் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்கு ஈடான இன்னொரு சேவை கிடைக்காது.

எங்கள் ஊரில் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "எந்த டியூஷன்ல விட்டிருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை டியூஷன் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நடப்பது, பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தை எழுதி முடிப்பதும், கைடில் உள்ள கேள்வி பதிலை மனப்பாடம் செய்வதும்தான். வயல் வேலைக்கோ கடைக்கோ போய்விட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் பெற்றோருக்கு அது ஒரு நிம்மதி என்பதை மறுக்க மாட்டேன். பிள்ளை பத்திரமாக ஓரிடத்தில் இருக்கிறது, வீட்டுப்பாடமும் முடிந்துவிடுகிறது. ஆனால் படித்ததைத் தன் சொற்களில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுக்க டியூஷன் ஆசிரியருக்கு நேரம் இல்லை. ஒரு அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அந்த வேலை வீட்டில் நடக்க வேண்டியது. அதற்கு வேண்டிய புத்தகம் வீட்டில் இல்லாதபோது நூலகம் தேவைப்படுகிறது.

செலவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு மாத டியூஷன் கட்டணத்தில் சிறு பங்குக்கு மேல் வராது. அதைவிட முக்கியமானது, இந்தச் சேவைக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம் என்பது. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரித்தொகையில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம் நூலக வரி தனியே போடப்பட்டிருக்கும். 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் வகுத்த வழி அது. இந்தியா விடுதலை பெற்றபின் இவ்வகையில் வந்த முதல் மாநிலச் சட்டமும் அதுவே. வரியைத் தவறாமல் கட்டிவிட்டு நூலக வாசலை மிதிக்காமல் இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு.

கட்டடம் ஒரு நீண்ட கூடமும் பின்னால் ஒரு சிறிய அறையும் கொண்டது. கூடத்தில் நாளிதழ் மேசை, அதைச் சுற்றி நாற்காலிகள். சுவரோரமாக இரும்பு அடுக்குகளில் இரவல் தரும் நூல்கள். பின்னறையைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிறார் பிரிவு என்று பலகை வைத்திருக்கும் மூலையில் ஒரு தாழ்வான மேசையும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு கண்ணாடி அலமாரியும் இருக்கின்றன. நாங்கள் முதன்முதலில் போனபோது அந்த அலமாரி பூட்டியிருந்தது. வண்ணப் படக்கதைகள், விலங்குகள் பற்றிய புத்தகங்கள், சிறுவர் கலைக்களஞ்சியத் தொகுதிகள் எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் தெரிய, சன்னதிக் கதவு சாத்திய நேரத்தில் கோயிலுக்குப் போனவர்களைப் போல என் மகள் அதன் முன்னால் நின்றாள். கேட்டால் நூலகர் சாவியைக் கொண்டுவந்து திறந்துகொடுப்பார். முகம் சுளிக்க மாட்டார். ஆனால் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் போய், "சார், அந்த மூணாவது தட்டுல இருக்கற புக்கு வேணும்" என்று கேட்குமா? கேட்டு வாங்கிய புத்தகம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி போய் மாற்றிக் கேட்குமா? ஒரு பிள்ளை வாசகனாவது, நாலு புத்தகத்தை எடுத்துப் புரட்டி மூன்றைத் திரும்ப வைக்கும் உரிமை கிடைக்கும்போதுதான்.

இந்தப் பூட்டு மற்ற ஊர்களில் இருந்தால் வருத்தம்; இந்த வட்டாரத்தில் இருப்பது வெட்கம். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892இல் பிறந்தது சீர்காழியில். கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆன அவர், நூலக இயலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்குரியவை என்பதுதான். காத்துவைப்பதற்கு அல்ல என்பது அதன் உட்பொருள். வாசகர் அடுக்குக்கு நேரே போய்த் தாமே நூலை எடுக்கும் திறந்த முறைக்காக அவர் வாதாடினார். மேலே சொன்ன 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பிலும் பெரும்பங்கு அவருடையது. அவர் பிறந்த ஊரிலிருந்து எங்கள் நூலகத்துக்குப் பேருந்தில் வந்துவிடலாம். அவருடைய முதல் விதி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நூலகர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு புத்தகம் காணாமல் போனால் கணக்குக் கேட்கப்படுவது அவரிடம்தான். இரவல் பதிவது, நாளிதழ் கட்டுவது, சந்தா வாங்குவது, கூட்டிப் பெருக்கும் ஆள் வராத நாளில் அதையும் பார்ப்பது என்று எல்லாம் ஒருவர் தலையில் விழும்போது, பூட்டுதான் அவருக்கு இருக்கும் ஒரே உதவியாள். இதை வாசகர் வட்டக் கூட்டத்தில் சில பெற்றோர் சேர்ந்து பேசினோம். எல்லாவற்றையும் திறந்துவைக்க முடியாது என்றார். கீழ்த்தட்டை மட்டும் திறந்துவைக்கிறேன், அதில் உள்ளவை கலைந்தால் பெற்றோரே அடுக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். இப்போது கீழ்த்தட்டு திறந்திருக்கிறது. கலைந்ததை அடுக்குவதும் பிள்ளைகளே செய்கிறார்கள். கிழிந்த பக்கங்கள் சில உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூல் இருப்பைப் பொறுத்தவரை கலவையான அனுபவம்தான். ஆறு முதல் எட்டு வயதுக்கு உரிய, ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி மட்டும் உள்ள பெரிய எழுத்துப் புத்தகங்கள் மிகவும் குறைவு. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீதிக் கதைகளும் தலைவர்கள் வரலாறும் தேவைக்கு அதிகமாகவே இருக்கின்றன. ஒரே தலைவரின் வாழ்க்கையை நான்கு பதிப்பகங்கள் நான்கு அட்டையில் போட்டவை வரிசையாக நிற்கும். செய்துபார்க்கக்கூடிய எளிய அறிவியல், கணிதப் புதிர், பூச்சி பறவை பற்றிய நூல்கள் ஆகியவற்றைத்தான் என் மகன் தேடுகிறான். அவை ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லை. காவிரிப் பாசனத்தையும் நெல் வகைகளையும் பற்றிச் சிறுவர் படிக்கும் நடையில் ஒரு நூல் கேட்டபோது, வேளாண்மைத் துறைக்காரர்களுக்கான நூல் ஒன்றே கிடைத்தது. மேட்டூர் அணை ஜூன் 12இல் ஏன் திறக்கப்படுகிறது, குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களுக்குள் என்ன வேறுபாடு என்பதை வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளை, அதையே அச்சில் பார்த்தால் அடையும் ஆர்வத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கிடைக்கும் நூல்களில் எதைப் பிள்ளைக்கு எடுப்பது என்பதில்தான் பெற்றோர் பலரும் தடுமாறுகிறார்கள். பிள்ளை நான்காம் வகுப்பு என்றால் நான்காம் வகுப்புக்கு உரியதைத்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைக் கூடத்தில் அடிக்கடி பார்க்கிறேன். பள்ளிக்கூடமே அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளையின் இப்போதைய வாசிப்புத் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே பாடம் நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நூலகத்துக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் வழியில்லை என்றால் விரல் கணக்கு இருக்கிறது: நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். நீங்கள் வாசித்துக் காட்டலாம், தனியே படிக்கக் கொடுக்கக் கூடாது. ஒரு விரலும் மடங்காத புத்தகத்தைப் பிள்ளை விரும்பி எடுத்தால் அதையும் தடுக்க வேண்டாம். என் மகள் ஒரே யானைக் கதையை நான்கு முறை இரவல் எடுத்தாள். நான்காம் முறை அதைத் தன் சித்தி மகனுக்குப் பார்க்காமலே வாசித்துக் காட்டினாள்.

எனக்கு இந்த நூலகத்தில் மிகவும் பிடித்தது ஏட்டில் எழுதாத ஒரு வசதி. இங்கே தாயும் பிள்ளையும் ஒரே மேசையில் உட்காரலாம். வீட்டில் அது நடப்பதில்லை. உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடும், ஃபோன் அடிக்கும், அண்டை வீட்டார் வருவார்கள். டியூஷனில் பெற்றோருக்கு இடமே இல்லை. பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் உள்ளே போகிறோம். நூலகக் கூடத்தில் நான் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் "படி, படி" என்று ஒரு முறைகூடச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. தாய் படிப்பதைப் பார்க்கும் பிள்ளைக்குப் படிப்பு என்பது தண்டனையாகத் தெரிவதில்லை.

எங்களோடு வரும் ஒருவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தமக்கு என்ன தெரியும் என்று தொடக்கத்தில் வெளியே திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நூலகர்தான் உள்ளே அழைத்தார். "நீங்க சொல்லிக்குடுக்க வேணாம்மா. பாப்பா படிச்சத உங்ககிட்ட கதையா சொல்லச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க" என்று அவர் சொன்னது, கற்பித்தலைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் மிகவும் உருப்படியானது. படித்ததைத் திருப்பிச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரிகிறது. கேட்பவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை, கேட்கும் பொறுமை இருந்தால் போதும். தேர்வில் விடையைச் சொந்த நடையில் எழுதும் பழக்கமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இப்போது அவர் உள்ளே உட்கார்ந்து பெரிய எழுத்துத் தலைப்புகளைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். அதில் அவர் மகளுக்குப் பெருமை.

தகப்பன் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்களில் எவ்வளவு என்பது தெரிந்ததே. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இரவல் புத்தகம் இன்னொரு விதத்திலும் உதவுகிறது. வாட்ஸ்அப்பில் அழைக்கும் அப்பாவிடம் "சாப்பிட்டியா, ஸ்கூலுக்குப் போனியா" என்ற இரண்டு கேள்விக்கு மேல் பேச்சு நீள்வதில்லை என்று ஒரு தாய் குறைப்பட்டுக்கொண்டார். இரவல் எடுத்த கதையில் நாளுக்கு ஒரு பக்கம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டும் ஏற்பாட்டை அவர்கள் செய்துகொண்டபின், மறுநாள் பக்கத்துக்காக அங்கே அப்பாவும் காத்திருக்கிறாராம்.

பள்ளிப் பாடத்துக்கு நேரடியாக என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாடநூல்கள் ஒரு தொகுதி இருக்கிறது, அதையும் போட்டித் தேர்வர்கள் வைத்திருப்பார்கள். ஆறு முதல் பத்து வரையிலான வரலாறும் அறிவியலும் அவர்களுக்கு அடிப்படை நூல் ஆயிற்றே. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருப்பதால், வீட்டில் ஃபோனை வைத்தே பாடக் காணொளிகளைப் பார்த்துவிடலாம். அதற்காக நூலகம் வரத் தேவையில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு போன்ற இதழ்கள் பள்ளியிலேயே கிடைக்கின்றன. நூலகம் உதவுவது வேறு இடத்தில். ஏழாம் வகுப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்தால், கடையில் ஒட்டுப்படம் வாங்கி ஒட்டுவதோடு முடிக்காமல், கலைக்களஞ்சியத்தில் தலைப்பைத் தேடி, இரண்டு நூல்கள் சொல்வதை ஒப்பிட்டு, சொந்தமாக அரைப்பக்கம் எழுதும் பழக்கம் இங்கே வருகிறது. அகரவரிசையில் ஒரு சொல்லைத் தேடி எடுக்கத் தெரியாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஃபோனில் கேட்டால் உடனே விடை வந்துவிடுகிறது அல்லவா. என் மகனும் அப்படித்தான் இருந்தான். பெரிய தமிழ் அகராதியை அவன் முன்னால் வைத்து, "ஞகரம் எங்க வரும், சொல்லு தம்பி" என்று நூலகர் கேட்டபோது விழித்த விழி எனக்கு நினைவிருக்கிறது.

நூலகப் புத்தகம் ஒன்று பிள்ளையின் வாழ்வை மாற்றும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்வது கும்பகோணத்து இராமானுஜன் கதை. 1903இல் அரசுக் கல்லூரி நூலகப் பிரதியாக அவர் கைக்கு வந்த ஒரு கணிதத் தொகுப்பு நூல்தான் அவரைக் கணிதத்துக்குள் இழுத்தது. இதைச் சொல்லும் பெற்றோர் கதையின் மறுபாதியைச் சொல்வதில்லை: கணிதத்தில் அப்படி மூழ்கிப்போனதால் மற்றப் பாடங்களில் தேறாமல் கல்லூரி உதவித்தொகையை அவர் இழந்தார். பிள்ளைக்கு ஒரு புத்தகத்தின் மேல் உண்மையான பிடிப்பு வந்துவிட்டால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மதிப்பெண்ணை மட்டும் எதிர்பார்த்து நூலகம் வருபவர்கள் இதையும் கணக்கில் கொள்வது நல்லது.

குறைகளுக்கு வருகிறேன். முதன்மையானது, வாய்விட்டு வாசிக்க இடம் இல்லாதது. தொடக்கப் பள்ளிப் பிள்ளை வாய்விட்டுத்தான் வாசிக்கும், வாசிக்கவும் வேண்டும். ஆனால் பின்னறையில் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது இடைஞ்சல். ஒருமுறை ஓர் இளைஞர் எழுந்துவந்து, "அக்கா, கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்றீங்களா?" என்று பணிவாகத்தான் கேட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, அடுத்த மாதம் அவருக்குத் தேர்வு. அந்த இளைஞர்கள் அங்கே இருப்பதால் நன்மையும் உண்டு. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து படிக்கும் அண்ணன்களையும் அக்காக்களையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். என் மகன் கணக்கில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்காமல் அவர்களிடம்தான் போகிறான். முன்புறத் தாழ்வாரத்துக்கு ஒரு தடுப்புத் தட்டி போட்டால் சிக்கல் தீரும். இப்போதைக்கு நாங்கள் வெளித்திண்ணையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு உள்ளே போகிறோம்.

அடுத்தது கழிப்பறை. இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி நூலகரிடம் இருக்கிறது, தண்ணீர் சில நாள் வருகிறது. பெண்பிள்ளையோடு வரும் தாய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இங்கே தங்காததற்கு இதுவே காரணம். மாலை வெளிச்சமும் போதாது. சிறார் மேசைக்கு மேலே இருக்கும் குழல்விளக்கு எரியாமல் பல வாரம் போனது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மேல்தட்டு நூல்கள் ஓதம் ஏறி, அட்டை உப்பி, இராமபாணப் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. மழை விடுமுறை விட்டுப் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடக்கும் அந்த நாள்களில்தான் நூலகம் அதிகம் தேவைப்படும். அப்போதுதான் போக முடியாத நிலையில் இருக்கும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே வீட்டில் ஒவ்வொருவர் அட்டையிலும் கூடுதலாகப் புத்தகம் எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது.

நேரத்தைப் பற்றிய குறை எனக்கு இல்லை, மற்றவர்களுக்கு உண்டு. மாலையில் நூலகம் திறந்திருக்கும் நேரமும் டியூஷன் நேரமும் மோதுகின்றன. நடவுக் காலத்தில் விடியலில் போய்ப் பிற்பகலில் திரும்பிவிடும் பெண்களுக்கு மாலை வசதியாக இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அவர்களால் வர முடிவதில்லை. கடை வைத்திருப்பவர்களுக்கு எந்த நாளும் முடிவதில்லை. எங்கள் கிளையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குக்கிராமங்களுக்கு மாலைப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. தொடங்கிவைத்தவர் மேலே சொன்ன அரங்கநாதன்தான். மண்சாலையில் மாட்டுவண்டி போன ஊர்களுக்குத் தார்ச்சாலையில் ஒரு வேன் மாதம் இருமுறை போக முடியாதா என்பதை நூலகத் துறை யோசிக்க வேண்டும்.

குறைகளைத் தீர்க்கும் வழி பெற்றோர் கையிலும் ஓரளவு இருக்கிறது. நூலகங்களோடு இணைந்த வாசகர் வட்டம் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரின் கூட்டமாகவே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தபின் பேச்சு சிறார் பக்கம் திரும்பியது. ஆயிரம் ரூபாய் செலுத்தினால் நூலகப் புரவலர் ஆகலாம். பிறந்தநாளுக்கு ஊரெல்லாம் பதாகை வைக்கும் செலவில் இதைச் செய்யச் சொன்னால் கேட்பவர் குறைவு, ஆனால் ஓரிருவர் கேட்டார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவில் பேசி, வாரம் ஒரு பாடவேளையில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியரே நூலகத்துக்கு அழைத்துவரும் ஏற்பாட்டை எங்கள் தொடக்கப் பள்ளி செய்திருக்கிறது. வகுப்போடு ஒருமுறை வந்த பிள்ளை, அடுத்த முறை தாயை இழுத்துக்கொண்டு வருகிறது.

மதிப்பெண் போடச் சொன்னால், பெற்றோரோடு வரும் பிள்ளைக்கு ஐந்துக்கு நான்கு. தனியே விடப்படும் பிள்ளைக்கு இரண்டு. கழிப்பறைக்குத் தண்ணீரும், சிறார் மேசைக்கு விளக்கும், அலமாரியின் மற்றத் தட்டுகளுக்குத் திறப்பும் வந்தால் இரண்டுமே ஏறும். நூல் இருப்பு போதவில்லை என்று தோன்றுபவர்கள் மாதம் ஒருமுறை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட மைய நூலகங்களில் அருகில் உள்ளதற்குப் பிள்ளையோடு போய்வரலாம்.

புதிதாகச் சேர விரும்புபவர்கள் முகவரிச் சான்றின் நகலை எடுத்துக்கொண்டு, பிள்ளை பெயரில் தனி அட்டை கேட்டு வாங்குங்கள். உங்கள் அட்டையிலேயே அவர்களுக்கும் எடுத்துக்கொடுப்பது சிக்கனம்தான், ஆனால் தன் பெயர் எழுதிய அட்டையைப் பையில் வைத்திருக்கும் பிள்ளை தவணை நாளைத் தானே நினைவுபடுத்தும். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் நாளிதழ் மேசையில் கூட்டம் அதிகம். சிறார் மூலைக்கு வார நாள் மாலைதான் ஏற்றது.